செங்காந்தள் முளைக்கவில்லையா, அழுகுகிறதா, பூக்க மறுக்கிறதா? குமரி மாவட்டத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

செங்காந்தள் செடியில் ஏதாவது கோளாறு தெரிந்தால், உரக்கடைக்குப் போவதற்கு முன்னால் நாட்காட்டியைப் பாருங்கள். ஆடி மாதத்தில் இலை மஞ்சளானால் வேரில் ஏதோ கெட்டிருக்கிறது. கார்த்திகை கடைசியில் இலை மஞ்சளானால் செடி தூங்கப் போகிறது, அவ்வளவுதான். அறிகுறி ஒன்றேதான், மாதம் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. இது தெரியாமல் தூங்கப் போகும் செடிக்குத் தண்ணீரும் உரமும் ஊற்றிக் கிழங்கை அழுக வைப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியோடும் மாதத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இந்தச் செடியின் ஓர் ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்து மண் நனைந்ததும் கிழங்கு கண் விழிக்கும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் கொடி ஏறும். ஆடி தொடங்கி ஐப்பசி வரை பூக்கும். சில இடங்களில் கார்த்திகையிலும் பூ இருக்கும். அப்புறம் காய் முற்றி, இலையும் தண்டும் காய்ந்து, மேலே ஒன்றுமே இல்லாமல் போய்விடும். தை முதல் பங்குனி வரை மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். வயல்காரர்களுக்குச் சொல்வதென்றால், கன்னிப்பூ சாகுபடி தொடங்கும்போது எழுந்து, கும்பப்பூ அறுவடைக்கு முன் உறங்கிவிடும் செடி இது. மழையைப் பொறுத்துச் சில வாரங்கள் முன்பின் ஆகும்.

இதன் சொந்த இடம் எது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காட்டின் விளிம்பு, பாறைச் சரிவு, மலையடிவாரப் புதர், வேலியோரம், கடற்கரை மணல்மேடு என்று பல இடங்களில் இது தானாக வளரும். இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. பாலமோர், கீரிப்பாறைப் பக்கம் பெய்கிற மழையில் கால்வாசிகூட நாம் சட்டிக்கு ஊற்றுவதில்லை. ஆனாலும் மலையில் அழுகாத கிழங்கு நம் முற்றத்தில் அழுகுகிறது. மலையில் தண்ணீர் ஓடிவிடுகிறது, சட்டியில் நிற்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைச் சரிசெய்தால் கீழே உள்ள சிக்கல்களில் பல வரவே வராது.

கிழங்கைத் தோண்டும் முன்

சில சோதனைகளுக்குக் கிழங்கைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். செங்காந்தளின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. அதில் உள்ள கோல்சிசின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். அதே கோல்சிசினைப் பிரித்தெடுத்து, அளவறிந்து, கீல்வாத மாத்திரையாகவும் கொடுக்கிறார்கள். அதற்காகத்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் இதை ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். ஆனால் வீட்டில் அது மருந்து இல்லை.

காய்ச்சிலும் சிறுகிழங்கும் சேனையும் மரச்சீனியும் தினம் அடுக்களையில் புழங்கும் மாவட்டம் நம்முடையது. கழுவி வைத்த செங்காந்தள் கிழங்கைப் பார்த்து வீட்டில் ஒருவர் உண்ணும் கிழங்கு என்று நினைத்துவிடலாம். அதனால் தோண்டிய கிழங்கை அடுக்களைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வெட்டிய கத்தியை அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடு, மாடு மேயும் இடத்தில் கொடியைப் பிடுங்கிப் போடாதீர்கள்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு கொஞ்சம் தேறியதுபோல் தெரிந்தாலும் அடுத்தடுத்த நாட்களில் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என்று பாதிப்பு பரவலாம். வாந்தி வரும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, தின்ற கிழங்கின் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

குழந்தைகள் மண்ணில் விளையாடும் முற்றத்தில் இந்தச் செடியை வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் வளரட்டும், பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கிழங்கு முளைக்கவே இல்லை

இப்போது எந்த மாதம்? தை, மாசி, பங்குனி என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. அது தூக்கம். தண்ணீர் விட்டு எழுப்பப் பார்க்காதீர்கள்; வேர் இல்லாத கிழங்கு ஈரத்தைக் குடிக்காது, ஈரத்தில் ஊறத்தான் செய்யும். சட்டியை மழை படாத திண்ணையோரம் தள்ளி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வைகாசி முடிந்து, அக்கம்பக்கத்து வேலியில் காட்டுச் செங்காந்தள் எழுந்துவிட்டது, உங்களுடையது எழவில்லை என்றால் தோண்டிப் பார்க்கலாம். கையால் மெதுவாக மண்ணை விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம்.

கிழங்கு கலப்பை வடிவத்தில் இரண்டு கைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. உருளைக்கிழங்குபோல் உடம்பெல்லாம் கண் இருக்கும் என்று நினைத்துத் துண்டு துண்டாக வெட்டி நட்டால், நுனி இல்லாத துண்டு எதுவும் முளைக்காது. கடையிலிருந்தோ ஊரிலிருந்தோ வரும் கிழங்குகளில் நுனி உடைந்துபோவது மிகவும் சகஜம். வாங்கும்போதே இரண்டு நுனியையும் பார்த்து வாங்குங்கள். சிறிய புடைப்பும் அதைச் சுற்றி வேர் வந்த தடமும் தெரிந்தால் கண் உயிரோடு இருக்கிறது. ஒரு நுனி போய் ஒரு நுனி மட்டும் இருந்தால் பரவாயில்லை, ஒரு கொடி வரும். இரண்டும் போயிருந்தால் அந்தக் கிழங்கு வெளியே கெட்டியாக இருந்தாலும் பயனில்லை.

நுனி நன்றாக இருக்கிறது, கிழங்கை அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் முளை இல்லை என்றால் ஆழத்தைப் பாருங்கள். விரல் நீளத்துக்கு மேல் ஆழமாகப் புதைத்திருந்தால் களிமண்ணில் மேலே வரத் திணறும். கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து மேலே 5 முதல் 8 சென்டிமீட்டர் மண் இருந்தால் போதும். நுனியைக் கீழே பார்த்துக் குத்த வைக்கக் கூடாது.

விதையிலிருந்து முயற்சி செய்பவர்களுக்கு: புது விதை உடனே முளைக்காது. அதற்கும் உறக்க காலம் உண்டு, 6 முதல் 9 மாதம் வரை ஆகலாம். இந்த ஆண்டு எடுத்த விதையை அடுத்த பருவமழைக்கு விதைத்தால் போதும். சீக்கிரம் பூ வேண்டும் என்பவர்கள் விதையில் இறங்காதீர்கள்.

கிழங்கு கொழகொழத்துவிட்டது, நாறுகிறது

குமரியில் செங்காந்தள் சாவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது. தென்மேற்குப் பருவமழையை இந்தச் செடி விரும்புகிறது. அப்போது அதற்கு இலை இருக்கிறது, வேர் இருக்கிறது, குடிக்கிறது. சிக்கல் வடகிழக்குப் பருவமழையின் கடைசியில் தொடங்குகிறது. செடி இலையை உதிர்த்துத் தூங்கத் தயாராகும் நேரத்தில் மழை விடாமல் பெய்கிறது. கிழங்கு குடிப்பதை நிறுத்திவிட்டது, மண் மட்டும் ஈரமாகவே இருக்கிறது. பூசணம் ஏற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அழுகலை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். கிழங்கு நீர் கோத்து, தொட்டால் குழைந்து, வாடை அடித்தால் அது தேங்கிய தண்ணீரால் வந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல்போல் பூசணம் படர்ந்து, அதைச் சுற்றிக் கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் கிடந்தால் அது ஸ்கிளிரோசியம் என்ற பூசணம். முதல் வகையில் மண்ணையும் வடிகாலையும் மாற்றினால் தீர்ந்துவிடும். இரண்டாவது வகையில் அந்த உருண்டைகள் மண்ணிலேயே தங்கி அடுத்த ஆண்டும் வரும். அந்தச் சட்டி மண்ணைத் தோட்டத்தில் வேறெங்கும் கொட்டாதீர்கள், முக்கியமாகக் காய்கறிப் பாத்தியில் கொட்டவே கூடாது. தக்காளி, கத்தரி, கடலை எல்லாவற்றையும் அது பிடிக்கும். பிளாஸ்டிக் தாளில் மெல்லியதாகப் பரப்பி, நனைத்து, மேலே கண்ணாடித் தாள்போல் தெளிவான பிளாஸ்டிக்கால் மூடி, மாசி, பங்குனி வெயிலில் சில வாரம் வேக வைத்தால் பூசணம் பெருமளவு குறையும்.

அழுகிய கிழங்கைக் காப்பாற்ற முடியுமா? ஒரு கை அழுகி, மற்ற கையும் நுனியும் கெட்டியாக இருந்தால் முடியும். அழுகிய பகுதிக்கு அப்பால், நல்ல சதை வெள்ளையாகத் தெரியும் இடம்வரை வெட்டி எறியுங்கள். வெட்டுவாயில் சாம்பலோ மஞ்சள்தூளோ தடவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, மீண்டும் நிழலில் உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள். இரண்டு நுனியும் கொழகொழத்திருந்தால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்த முறை அழுகாமலிருக்க மண்ணைச் சரி செய்வோம். சட்டிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம். தென்னை நார்த்தூளை இதில் சேர்க்காதீர்கள். மற்ற செடிகளுக்கு அது நல்லதுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணம் இந்தக் கிழங்குக்கு ஆகாது. சட்டி ஓரடி ஆழம் இருக்கட்டும், கீழே ஓட்டை ஒன்றல்ல, நாலைந்து இருக்கட்டும். அடியில் தட்டு வைக்க வேண்டாம். இரண்டு செங்கல் மேல் சட்டியைத் தூக்கி வையுங்கள்.

விளையில், அதாவது தோட்டத்தில், தரையிலேயே நடுகிறீர்கள் என்றால் ஊருக்கு ஊர் மண் வேறு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் செம்மண்ணில் வரப்புபோல் முக்கால் அடி உயர்த்தி அதன் மேல் நட்டால் போதும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வெட்டுக்கல் மண்ணில் மேலே பொடியாகத் தெரிந்தாலும் அடியில் கல் இறுகியிருக்கும். குழி தோண்டி நட்டால் அந்தக் குழியே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அங்கே குழி தோண்டாமல், மண்ணைக் குவித்து மேட்டில் நடுவதே சரி. வயலோரக் களிமண்ணில் தரையில் நட முயற்சி செய்யவே வேண்டாம், சட்டிதான்.

கொடி முழுக்கக் காய்ந்த பிறகும் மழை நிற்கவில்லை என்றால், சட்டியை மழை மறைவுக்கு நகர்த்துங்கள். தரையில் இருந்தால் கிழங்கைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, கழுவாமல், உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டியில் காற்றோட்டமான அறையில் வையுங்கள். பெட்டியின் மேல் பெரிதாக ‘விஷக் கிழங்கு’ என்று எழுதி, பூட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். சித்திரையில் முதல் நல்ல மழைக்குப் பிறகு எடுத்து நடலாம்.

முளை வந்தது, ஒரு நாள் காலையில் காணவில்லை

நத்தை. மழைக் காலத்து இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம். இளம் முளை சாறு நிறைந்தது, விரல் உயரம் இருக்கும்போதுதான் ஆபத்து. பிளாஸ்டிக் போத்தலின் மேலும் கீழும் வெட்டி வளையமாக்கி முளையைச் சுற்றி மண்ணில் அழுத்தி வைத்தால் போதும். முழங்கால் உயரம் வந்த பிறகு அவ்வளவாக வராது.

தண்டு நடுவில் முறிந்துவிட்டது

ஆனி, ஆடி காற்று. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்றுக்கு முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தப் பக்கத்திலும் தோவாளை, நாகர்கோவில் மொட்டை மாடிகளிலும் இந்தக் கொடி தனியாக நின்றால் முறியும். தண்டு பச்சையாக இருக்கும்போது கண்ணாடிக் குழல்போல் படக்கென்று ஒடியும். வளைத்துக் கட்டப் போய்க் கையாலேயே ஒடித்துவிடுகிறோம்.

ஒடிந்த பிறகு கீழ்க் கணுவிலிருந்து கிளை வந்தால் உண்டு. வராவிட்டால் அந்த ஆண்டு பூவை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் கிழங்கைத் தோண்டி எறியாதீர்கள். மிச்சம் இருக்கும் பச்சை இலை எவ்வளவு சிறிதானாலும் விட்டு வையுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். கிழங்கு சிறுத்தாலும் உயிரோடு இருக்கும், அடுத்த ஆண்டு எழும்.

கொடி ஏறாமல் தரையில் கிடக்கிறது

பலர் கனமான குழாயையோ தடித்த மூங்கிலையோ நட்டுவிட்டு, கொடி பிடிக்கவில்லையே என்கிறார்கள். இந்தச் செடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றிக்கொள்கிறது. அந்தச் சுருள் மிகச் சிறியது. பென்சில் தடிமனுக்கு மேல் உள்ள எதையும் அதால் சுற்ற முடியாது.

அதனால் மெல்லிய பிடிமானம் வேண்டும். உலர்ந்த கொய்யாக் கிளையைச் சிறு குச்சிகளோடு அப்படியே நட்டு வைக்கலாம். ஓலையிலிருந்து உரித்த ஈர்க்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். கோழி வலை இருந்தால் இன்னும் நல்லது. மேற்கு மாவட்டங்களில் பயிரிடுபவர்கள் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு அதில் ஏற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, உயிருள்ள புதரோடு சேர்த்து வளர்ப்பது. செம்பருத்தி வேலியின் அடியில் கிழங்கை வைத்தால், வேர்ப்பகுதிக்கு நிழலும் கொடிக்குப் பிடிமானமும் காற்றுக்கு மறைப்பும் ஒன்றாகக் கிடைத்துவிடும். காட்டில் அது வளரும் முறையும் இதுதான். பிடிமானத்தை முளை வரும் முன்பே வைத்துவிடுங்கள். பிறகு குச்சி குத்தினால் கிழங்கின் நுனியில் போய்க் குத்தும்.

இலை மஞ்சளாகிறது

கார்த்திகை, மார்கழியில் கீழிருந்து மேலாக மஞ்சளாகி, காயும் பழுத்துக்கொண்டிருந்தால் மகிழ்ச்சியாக இருங்கள். தண்ணீரைப் படிப்படியாக நிறுத்துங்கள். மஞ்சள் இலையை அழகில்லை என்று வெட்டாதீர்கள். இலையில் உள்ள சத்து கிழங்குக்கு இறங்குகிற நேரம் அது.

ஆனி முதல் ஆவணிக்குள் கீழ் இலைகள் மஞ்சளாகி, மண்ணில் விரல் விட்டால் சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் தேங்குகிறது. மேலே அழுகல் பற்றிச் சொன்னதைச் செய்யுங்கள், அதுவும் இன்றைக்கே.

புது இலைகள் மட்டும் வெளிறி, நரம்பு பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து எட்டவில்லை. கடற்கரை ஊர்களில் சிப்பித்தூள் கலந்த மணலிலும், சிமென்டுத் தளத்தின் ஓரத்திலும் இது வரும். அங்கே மண் காரத்தன்மை ஏறிவிடுகிறது. இந்தச் செடிக்கு அமில கார நிலை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. மக்கிய தொழுவுரமும் இலைமக்கும் சேர்த்தால் மெல்லச் சரியாகும். அவசரமென்றால் இரும்பு நுண்ணூட்டக் கரைசலை இலையில் தெளிக்கலாம். மேற்குப் பகுதி வெட்டுக்கல் மண்ணில் நிலைமை நேர்மாறு, அங்கே அமிலம் அதிகம். சட்டிக்கு ஒரு தேக்கரண்டி டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் கலந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்பதற்காகச் சுண்ணாம்பை அள்ளிப் போடாமல், மண் பரிசோதனை செய்துவிட்டுப் போடுங்கள்.

இலையில் பழுப்பு வட்டங்கள், பிறகு இலையே கருகுகிறது

வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் ஆல்டர்நேரியா இலைக்கருகல். ஈரமும் புழுக்கமும் சேர்ந்த நாட்களில் பரவும். ரப்பர் தோட்டத்து நடுவில் உள்ள வீடுகளில் காற்றோட்டம் குறைவு என்பதால் இலை காய நேரமாகும், நோயும் விரைவாகப் பரவும். புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து எரியுங்கள். தண்ணீரை இலையில் படாமல் மண்ணில் ஊற்றுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் என்ற பூசணக்கொல்லி கலந்து மழையில்லாத காலையில் தெளிக்கலாம். பக்கத்தில் தேனீப் பெட்டி இருந்தால் பூத்திருக்கும் நேரத்தில் எந்த மருந்தும் வேண்டாம் என்பேன். மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன.

நுனி மட்டும் காய்ந்து, வட்டம் ஏதும் இல்லை என்றால் அது நோயில்லை. கடலோர ஊர்களில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் அப்படி ஆகும். இந்தச் செடிக்கு நுனிதான் கை. நுனி காய்ந்தால் பிடிக்க முடியாமல் சரியும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

கறுப்புப் புழுக்கள் கூட்டமாகத் தின்கின்றன

கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் இருந்தால் அது பாலிடெலா என்ற லில்லிப் புழு. செங்காந்தளின் நஞ்சு அதற்கு ஒன்றும் செய்யாது. சில நாளில் கொடியை வெறும் குச்சியாக்கிவிடும். இரண்டு மூன்று செடி வைத்திருப்பவருக்கு மருந்தே தேவையில்லை. காலையில் கையுறையோடு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலையின் அடியில் கூட்டமாக இட்ட முட்டையைக் கண்டால் அந்த இலையை அப்படியே கிள்ளிவிடுங்கள். நிறைய இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடியுங்கள்.

முற்றத்தில் உள்ள மற்ற லில்லி வகைச் செடிகளையும் பாருங்கள். இதே புழு அங்கேயும் பெருகும். அங்கே விட்டுவிட்டு இங்கே மட்டும் பொறுக்கினால் மறுபடி வந்துவிடும்.

கொடி செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

மூன்று காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலாவது வெயில். தென்னந்தோப்பின் சல்லடை நிழலில்கூட ஓரளவு பூக்கும். ரப்பரின் அடர்ந்த நிழலில் பூக்காது. அரை நாள் வெயிலாவது கொடியின் மேல்பாதிக்குக் கிடைக்க வேண்டும். இரண்டாவது கிழங்கின் அளவு. 50, 60 கிராம் எடையுள்ள கிழங்கு நட்ட ஆண்டே பூக்கும். சுண்டுவிரல் அளவுக் கிழங்கு முதல் ஆண்டு இலை மட்டுமே விடும். விதையில் வந்த செடி பூக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். மூன்றாவது உரம். யூரியாவோ கோழிக்குப்பையோ அதிகமாகப் போட்டால் இலைதான் அடர்த்தியாகும். நடும்போது தொழுவுரம், மொட்டு வரும் முன் ஒரு கைப்பிடி மரச்சாம்பல், இவ்வளவே போதுமானது. வெட்டுக்கல் மண்ணுக்குச் சாம்பல் இரட்டை நன்மை, காரமண்ணில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பூ நிறம் மாறுகிறது

இது கோளாறே இல்லை, ஆனாலும் கேட்கிறார்கள். மொட்டு பச்சை. விரியும்போது இதழின் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக இருக்கும். நாள் ஆக ஆகச் சிவப்பு கீழே இறங்கி, கடைசியில் முழுப் பூவும் அடர்சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒன்றாகத் தெரிவது இதனால்தான். நிழலில் உள்ள பூ வெளிறியே இருக்கும்.

பூ நிறையப் பூத்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை

பூவை உற்றுப் பாருங்கள். சூல்தண்டு நேராக நிற்காமல் பக்கவாட்டில் செங்கோணமாக வளைந்து, ஆறு மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாமலிருக்க அந்த அமைப்பு. வண்ணத்துப்பூச்சியோ வேறு பூச்சியோ ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குக் கொண்டுபோனால்தான் காய் வரும். விடாத மழையில் பூச்சி வருவதில்லை, மகரந்தமும் நனைந்து கெட்டுவிடுகிறது.

மழை விட்ட காலை வேளையில், 8 மணியிலிருந்து 11 மணிக்குள், ஒரு செடியின் மகரந்தப்பையை மெல்லிய தூரிகையால் தொட்டு வேறொரு செடியின் சூல்முடியில் தடவுங்கள். பயிரிடும் ஊர்களில் வயல் முழுக்க ஆட்கள் இதைக் கையாலேயே செய்கிறார்கள். ஒரே கிழங்கைப் பிரித்து நட்ட இரண்டு கொடிகள் இருந்தால் அவை ஒரே செடிதான் என்பதை நினைவில் வையுங்கள். வேறு இடத்துக் கிழங்கு ஒன்றாவது பக்கத்தில் இருக்கட்டும். விதை தேவையில்லை என்றால் காய் பிடிக்காதது செடிக்கு நல்லதே, சத்து முழுக்கக் கிழங்குக்குப் போகும்.

ஒவ்வோர் ஆண்டும் கொடி சிறுத்துக்கொண்டே போகிறது

பழைய கிழங்கு ஒவ்வோர் ஆண்டும் வற்றிவிடும், அதற்குப் பதிலாகப் புதுக் கிழங்கு உருவாகும். இது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் இந்த ஆண்டு இலை எவ்வளவு நாள் பச்சையாக நின்றதோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த ஆண்டுக் கிழங்கு. பூவைச் சாமி படத்துக்கு என்று நீளத் தண்டோடு வெட்டினால் இலையும் போய்விடும். பூவை மட்டும் கிள்ளுங்கள். சட்டி சிறியதாக இருந்தாலும் கிழங்கு சிறுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாசியில் மண்ணை மாற்றுங்கள். அப்போது கிழங்கின் இரண்டு கைகளும் சேரும் முட்டில் வெட்டி, நுனி உடையாமல் இரண்டு சட்டியில் வைத்தால் இரண்டு செடி.

கிழங்கு குறைந்துவிட்டதே என்று மலைக்குப் போய்த் தோண்டி வராதீர்கள். நம் மாவட்டத்துக் காடுகளில் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம். காப்புக்காட்டில் கிழங்கு தோண்டுவது சட்டப்படி குற்றம். மலைக் கிழங்கைத் தோண்டும்போது நுனி உடைந்தால் அது அங்கேயும் முளைக்காது, உங்கள் வீட்டிலும் முளைக்காது. வளர்ப்பவர்களிடம் ஒரு கை கேட்டு வாங்குங்கள், தை, மாசியில் எல்லோரிடமும் இருக்கும். அழுகல் தொடர்ந்து வந்தால் திருப்பதிசாரத்திலும் பேச்சிப்பாறையிலும் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்களுக்கு, கெட்ட கிழங்கையும் ஒரு பிடி மண்ணையும் தனித்தனிப் பையில் கட்டி, பை மேல் விஷம் என்று எழுதி, கொண்டுபோய்க் காட்டுங்கள்.